எங்கள் வீட்டு சம்ப் மிதந்த கதை

என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவர்கள் தாம்பரம் பக்கம் எங்கே போனாலும் ஒருவராவது கண்ணில் பட்டுவிடுவார்கள். மருந்துக்கடையில், ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டில், ஏதாவது கல்யாண வீட்டுப் பந்தியில். பார்த்ததும் "மிஸ், அந்த எவர்சில்வர் டப்பா!" என்பார்கள். ஒளிவிலகல் போச்சு, ஓம் விதி போச்சு, நான் தொண்டை கிழியக் கத்தினதெல்லாம் காற்றோடு போச்சு. டப்பா மட்டும் ஞாபகத்தில் நிற்கிறது. அதாவது நிற்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அது என் மத்தியானச் சாப்பாட்டு டப்பா. மிதப்பு விசைப் பாடம் வருகிற அன்றைக்கு, சாப்பிட்டுக் கழுவித் துடைத்து, மூடியை இறுக்கி, ஒரு வாளித் தண்ணீரில் விடுவேன். மிதக்கும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அமுக்கச் சொல்வேன். அமுக்கினால் கையை எதிர்த்துத் தள்ளும், விட்டால் துள்ளிக்கொண்டு மேலே வரும். எது தள்ளுகிறது என்று கேட்பேன். தண்ணீர் என்பார்கள். எவ்வளவு தள்ளுகிறது? டப்பா எவ்வளவு தண்ணீரை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறதோ, அவ்வளவு தண்ணீரின் எடைக்குத் தள்ளுகிறது. டப்பாவின் எடை அதைவிடக் குறைச்சல், அதனால் மேலே வருகிறது. அப்புறம் மூடியைத் திறந்து உள்ளே தண்ணீரை ஊற்றி விடுவேன். பேசாமல் போய் அடியில் உட்கார்ந்துகொள்ளும். அதே டப்பாதான், உள்ளே இருப்பதுதான் வேறு. இவ்வளவுதான் பாடம். முப்பது வருஷத்துக்குக் கிட்ட இதை நடத்தியிருக்கிறேன்.

பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இவ்வளவு நடத்தினவள் ஒரு நாள் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லப் போகிறேன். அதற்கு இந்த டப்பா கதை தெரிந்திருக்க வேண்டும்.

அப்போது நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்தோம். வேளச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே நாலு தெரு தள்ளி, ஏரிப் பக்கமாகச் சரிந்து போகிற காலனி. மனை வாங்கினபோது வழியெல்லாம் முள்ளுச்செடி. ஆட்டோக்காரர்கள் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டு, அதற்கு மேல் வரமாட்டேன் என்று போய்விடுவார்கள். என் வீட்டுக்காரருக்கு எழும்பூரில் அரசாங்க ஆபீஸ். காலையில் எலக்ட்ரிக் ட்ரெயின் பிடிக்கிற மனுஷன், வீடு கட்டின அந்த ஒரு வருஷம் மட்டும் மணலை ஒழுங்காகச் சலிக்கிறார்களா என்று பார்ப்பதற்கே லீவு போட்டார். மாடி எடுக்கலாம் என்று மேலே கம்பிகளை நீட்டி விட்டிருந்தார். மாடி எடுக்கவே இல்லை. அந்தக் கம்பிகளுக்குக் குறுக்கே கயிறு கட்டி நான் துணி காயப்போட்டேன், அவ்வளவுதான் உபயோகம்.

அந்த வீட்டில் எனக்குப் பிடித்தது சமையலறை ஜன்னல். ஸ்கூல் விட்டு வந்து, டீ போட்டு எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாக நிற்பேன். ஏரிக்கரையிலிருந்து காற்று வரும். விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேலே வட்டம் அடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டம்மா மதில் வழியாகக் கறிவேப்பிலை நீட்டுவார், அதோடு தெருவில் நடந்தது மொத்தமும் வந்துசேரும். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி சிங்கப்பெருமாள் கோவில் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, சாயந்தரம் திரும்பிவந்து கேட்டைத் திறக்கும்போது, அப்பாடா என்று இருக்கும். அந்த அப்பாடா எனக்கு இப்போது எந்தக் கதவைத் திறந்தாலும் வருவதில்லை.

கேட்டுக்கும் வாசல்படிக்கும் நடுவில், தரைக்குக் கீழே சம்ப், அதாவது தண்ணீர் சேர்த்துவைக்கிற தொட்டி. முதலில் செங்கல் வைத்துக் கட்டினதுதான். வேப்பமரத்து வேர் உள்ளே புகுந்து விரிசல் விட்டு, லாரியில் வாங்கி ஊற்றின தண்ணீரெல்லாம் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. இவர் அதை இடித்துப் போட்டுவிட்டு, ஐயாயிரம் லிட்டர் பிடிக்கிற கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வாங்கிவந்து பள்ளத்தில் இறக்கினார். சுற்றிலும் மணல் கொட்டி, மேலே மெல்லிசாக சிமென்ட் தரை போட்டு, ஆள் இறங்குகிற வாய்க்கு மட்டும் ஒரு மூடி வைத்தார். அதில் அவருக்கு அப்படியொரு பெருமை. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே "லீக்கே கிடையாது" என்பார். ஐயோ, உள்ளே கூப்பிடுங்கள் முதலில் என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

வருஷா வருஷம் மே மாதம், தண்ணீர் வற்றுகிற சமயத்தில், சம்ப்பைக் காலி பண்ணிக் கழுவுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். அவருக்கு முட்டி வலி, அதனால் நான்தான் இறங்குவேன். ஏணி, தென்னந்துடைப்பம், கொஞ்சம் பிளீச்சிங் பவுடர். ஒரு மணி நேர வேலை. எத்தனையோ தடவை அதைச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் துடைத்து எடுத்திருக்கிறேன். கோடையில் சுற்றிலும் மண் காய்ந்து கிடக்கும், தொட்டி அசையாமல் கிடக்கும். காலித் தொட்டி என்றால் பத்திரமான தொட்டி என்று கை பழகிப்போய்விட்டது.

அப்புறம் அந்தப் பெரிய மழை வந்தது. ஏரி ததும்பி, காலனிக்குள் தண்ணீர் வந்து, வீட்டுக்குள் தொடை அளவு நின்றது. மூன்று நாள் பக்கத்து வீட்டு மாடியில் இருந்தோம். நாலாம் நாள் இறங்கி வந்து பார்த்தால், தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர், வீட்டுக்குள் சேறு, சம்ப்புக்குள் ஊர்ச் சாக்கடை முழுக்க. மூடியைத் திறந்தால் நாற்றம் குடலைப் பிடுங்கியது.

எங்களுக்கு ஒரே மகள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அங்கேயே எட்டாவது மாடியில் ஃப்ளாட் வாங்கியிருந்தாள். போனில் அழுதாள், அப்புறம் கண்டிப்பாகப் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வருவேன், வீடு இருக்கிற மாதிரி இருந்தால் இருங்கள், இல்லாவிட்டால் என்னோடு கிளம்பி வந்துவிட வேண்டும், அதற்கப்புறம் அந்த வீட்டை வைத்துக்கொண்டு ஆகவேண்டியது ஒன்றுமில்லை, விற்றுவிடலாம் என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று நாள் எங்களிடமிருந்து போன் இல்லாமல் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

ஆனால் எனக்கு அந்த வீட்டை விட்டுப் போக இஷ்டமில்லை. துளிகூட இல்லை. அவள் வருவதற்குள் வீட்டை வீடாக ஆக்கிக் காட்டிவிட வேண்டும் என்று ஒரே வெறி. சேற்றை வழித்தேன், சுவரைத் தேய்த்தேன், மெத்தையைத் தூக்கித் தெருவில் போட்டேன். இவரும் கூடவே நின்று, பேசாமல் வாளி வாளியாக எடுத்துக் கொட்டினார். எனக்குப் போக வேண்டாம் என்று அவரிடம் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும், துடைப்பமும் கையுமாக நிற்கிறேனே, அதைப் பார்த்தால் தெரியாதா என்று இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்து, சம்ப் ஒன்றுதான் பாக்கி. நல்ல தண்ணீர் இல்லாத வீட்டை எந்த மகள் ஒத்துக்கொள்வாள்? தெருவுக்கே பொதுவாக ஒரு டீசல் மோட்டார் ஏற்பாடு பண்ணியிருந்தார்கள். வீடு வீடாக சம்ப்பிலிருந்து சாக்கடையை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டு வந்தது. எங்கள் முறை வந்தபோது இவர், இரண்டு நாள் போகட்டும், தரை காயட்டும், என்ன அவசரம் என்றார். அவருக்கு எதிலுமே அவசரம் கிடையாது, அதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். நாளைக்கு அவள் வருகிறாளே என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு, பல்பும் ஸ்விட்ச்சும் வாங்கிவருகிறேன் என்று தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனார். அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மோட்டார்காரரைக் கூப்பிட்டேன். பொய் சொல்லக் கூடாது, அவர் போகட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

ஒரு மணி நேரத்துக்கும் மேலே மோட்டார் ஓடியது. தொட்டி காலியானதும் மோட்டார்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, முக்காடு போட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏணியில் உள்ளே இறங்கினேன். ஐம்பத்தாறு வயசு அப்போது எனக்கு. அடியில் விரல் கனத்துக்கு வண்டல். துடைப்பத்தால் தள்ளித் தள்ளிப் பழைய சொம்பில் அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தேன். ஆண்டவனே, இது முடிந்தால் எல்லாம் முடிந்தது, நாளைக்கு அவள் வந்தால் காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு.

முதலில் ஒரு சத்தம். நாக்கை மடித்துச் சொடக்குப் போட்ட மாதிரி. மேலே யாரோ எதையோ போட்டார்கள் என்று நினைத்தேன். அப்புறம் கால் வழுக்கியது. வண்டல் வழுக்குகிறது என்று சுவரைப் பிடித்தேன். சுவரும் கூட வந்தது. தொட்டியே ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்புறம் மெல்ல நிமிர்ந்தது. காலுக்குக் கீழே தரை தரையாக இல்லை. ஏணி சறுக்கி என் தோளில் விழுந்தது. நில நடுக்கம் என்றுதான் எனக்குத் தோன்றியது.  மேலே வட்டமாகத் தெரிந்த வானத்தில் ஒரு முகம் வந்து எட்டிப் பார்த்தது.

எங்களுக்கு வழக்கமாக மீன் கொடுக்கிற அக்கா அது. அக்கா என்று கூப்பிடுவேனே தவிர, என் வயசுதான் இருக்கும். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து இரண்டு வண்டி மாறிக் கூடையோடு வரும். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், சொந்த போட் இருந்தது. மழைக்கப்புறம் யாரும் மீன் வாங்கவில்லை, ஆனாலும் நாங்களெல்லாம் உயிரோடு இருக்கிறோமா என்று பார்ப்பதற்காகக் கூடையில் நாலு மீனைப் போட்டுக்கொண்டு வந்திருந்தது. கேட்டுக்குக் கிட்டே வரும்போது சிமென்ட் தரை வெடித்து மேலே எழும்புவதைக் கண்ணால் பார்த்திருக்கிறது.

"டீச்சரம்மா, ஏறி வா மேல. தொட்டி மிதந்துகினு கீது," என்றது.

கத்தவில்லை. கையை நீட்டியது. எட்டு மணி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்கிற குரலில் சொன்னது. அதனால்தான் எனக்குக் கை கால் ஓடியது. ஏணியை நிறுத்தி ஏறி, கடைசி இரண்டு படியில் அது என் அக்குளைப் பிடித்துத் தூக்கி வெளியே போட்டது.

வெளியே வந்து பார்த்தேன். தொட்டியின் வாய் தரையிலிருந்து ஒரு முழம் மேலே நின்றுகொண்டிருந்தது. சிமென்ட் தரை துண்டு துண்டாக அதன் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குள் போகிற குழாய் ஒடிந்து தொங்கியது. வாசல்படி இரண்டாகப் பிளந்து, போர்ட்டிகோ தூணுக்கு அடியில் விரிசல் ஓடியது. இன்னும் மேலே வந்துகொண்டிருந்தது. நான் சாக்கடை நாற்றத்தோடு, துடைப்பத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போட்டு காலியா இருந்தா கீழவா நிக்கும்? உள்ள பாரம் இல்லாங்காட்டி மேலதான் வரும். தண்ணிய ஊத்து உள்ள," என்றது அக்கா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயாயிரம் லிட்டர் தொட்டி. சுற்றிலும் மண் ஊறி, தரை மட்டம் வரைக்கும் தண்ணீர். அந்த ஐயாயிரம் லிட்டரின் எடைக்கு, ஐயாயிரம் கிலோவுக்கு, தண்ணீர் அதைக் கீழேயிருந்து தள்ளும். உள்ளே சாக்கடை இருந்த வரைக்கும் அந்தச் சாக்கடைதான் எங்கள் வீட்டு வாசலைப் பிடித்துவைத்திருந்தது. அதைத்தான் நான் மெனக்கெட்டு எடுத்து வெளியே கொட்டியிருக்கிறேன். முப்பது வருஷமாக வாளியும் டப்பாவுமாக நின்று எத்தனை பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்லிக்கொடுத்திருப்பேன். வெட்கமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

மோட்டார்காரரைக் கூப்பிட்டு, தெருத் தண்ணீரை எடுத்து உள்ளே விடச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இப்போதுதானே மேடம் எடுத்தோம் என்றார். எடுத்ததைத் திருப்பி விடுங்கள் என்றேன். இந்த அம்மாவுக்கு மழையில் மூளை நனைந்துவிட்டது என்று நினைத்திருப்பார், ஆனாலும் குழாயைப் போட்டார். அக்காவும் நானும் வாளியால் வேறு மொண்டு ஊற்றினோம். கால் தொட்டி நிரம்பினதும் மேலே வருவது நின்றது. முக்கால் நிரம்பினதும் கொஞ்சம் இறங்கியது. ஆனால் முழுசாக இறங்கவில்லை. தொட்டி எழும்பின சந்தில் பக்கத்து மணல் சரிந்து அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு சாண் மேலேயே, கோணலாக நின்றுபோனது. போகும்போது அக்கா அந்த நாலு மீனை என் கையில் வைத்துவிட்டுப் போனது. சமைக்க அடுப்பு கூட இல்லை, வாங்கிக்கொண்டேன்.

இவர் பல்பு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். கேட்டைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைத்தவர் அப்படியே நின்றார். பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். "நீ உள்ள இருந்தியா?" என்று மட்டும் கேட்டார். இருந்தேன் என்றேன். தொட்டியைப் பார்த்தார், அப்புறம் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினதில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. இவ்வளவு படித்துவிட்டு இப்படிப் பண்ணிவிட்டாயே என்கிற பார்வை அது என்று நினைத்துக்கொண்டேன். சாயந்தரம் ஒரு நடை வெளியே போய்வந்தார். வாங்கி வந்த பல்பை மாட்டவில்லை. பையோடு அலமாரியில் வைத்துவிட்டார்.

மறுநாள் மகள் வந்தாள். வாசலைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. ஈரத்தில் யார் இதைக் காலி பண்ணினது என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் "நான்தான்" என்றார். சொல்லிவிட்டு, அவள் கேட்பதற்கு முன்னாலேயே, "நாங்க வந்துடறோம்மா, சாமான் கட்டிடறோம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீடு நல்லாத்தான் இருக்கிறது, வந்து பார் என்று அவளிடம் போனில் சொன்ன மனுஷன். நான் சும்மா வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை, ஸ்டாஃப் ரூமில் கேட்டால் சொல்வார்கள். அன்றைக்கு மூடிக்கொண்டுதான் இருந்தேன். உடைத்தவள் நான். உடைந்ததைப் பார்த்து அவருக்கு மனசு விட்டுப் போச்சு. எந்த முகத்தோடு நான் இங்கேயே இருப்போம் என்று சொல்வது? என் மேல் பழி வராமல் தன் மேல் போட்டுக்கொண்டாரே, அந்த நன்றி வேறு. உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினேன். சமையலறை ஜன்னலைச் சாத்தும்போது மட்டும் அழுதேன், முந்தானையால் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆறு மாதத்தில் வீடு கை மாறியது. வாங்கினவர்கள் இடித்துவிட்டு, கீழே கார் நிறுத்த விட்டு மேலே மூன்று மாடி எடுத்துவிட்டார்கள். மீதமிருந்த இரண்டு வருஷமும் சிறுசேரியிலிருந்து தாம்பரத்துக்குப் போய் வந்து வேலை பார்த்தேன். மிதப்பு விசைப் பாடத்தை மட்டும் அந்த இரண்டு வருஷமும் பக்கத்து செக்‌ஷன் டீச்சரை எடுக்கச் சொல்லிவிட்டேன். வாளியைத் தொடவே எனக்கு மனசு வரவில்லை.

எட்டாவது மாடியில் குறையொன்றும் இல்லை. மகள் நன்றாகத்தான் வைத்திருக்கிறாள். குழாயைத் திறந்தால் தண்ணீர், லிஃப்ட், கீழே நடப்பதற்குப் பாதை. ஆனால் ஜன்னலைத் திறந்தால் தலைக்கு மேலே இருக்க வேண்டிய காகம் காலுக்குக் கீழே பறக்கிறது. கறிவேப்பிலை வேண்டுமென்றால் போனில் ஆர்டர் போட வேண்டும். இவர் பால்கனியில் பேப்பர் படிப்பார், படித்ததையே திரும்பப் படிப்பார். ராஜகீழ்ப்பாக்கத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். நான் ஆரம்பித்தாலும் எழுந்து உள்ளே போய்விடுவார். இன்னும் கோபம் தீரவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். நியாயம்தானே, கட்டினவர் அவர் அல்லவா.

போன மாதம், நல்ல மழை நாளில், ஃப்ளாட் சங்கத்துக் கூட்டம். நீச்சல் குளத்தில் டைல்ஸ் பெயர்ந்திருக்கிறது, மழையில் யாரும் குளிப்பதில்லை, அதனால் இதுதான் சமயம், தண்ணீரை எடுத்துவிட்டு வேலையை முடித்துவிடலாம் என்று தீர்மானம் போடப் பார்த்தார்கள்.  எழுந்து நின்றுவிட்டேன். இப்போது குளத்தைக் காலி பண்ணாதீர்கள், மண் முழுக்கத் தண்ணீர், குளம் ஒரு பெரிய காலிப் பாத்திரம், சுற்றியிருக்கிற தண்ணீர் அதைத் தூக்கிவிடும், தூக்கினால் திரும்ப உட்காராது, கோடையில் செய்யுங்கள் என்றேன். ஒரு இன்ஜினியர் தம்பி, அது கான்கிரீட் ஆச்சே ஆன்ட்டி, எப்படித் தூக்கும் என்றார். கப்பல் இரும்பாச்சே தம்பி, எப்படி மிதக்கிறது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வேலையைக் கோடைக்குத் தள்ளிவைத்தார்கள். ரொம்ப நாளைக்கப்புறம் டீச்சராக நின்ற மாதிரி இருந்தது எனக்கு.

கூட்டம் முடிந்து லிஃப்ட் பக்கம் நடந்தோம். வராந்தாவில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை. இவர் மெதுவாகச் சொன்னார்.

"இவ்வளவு தெளிவாச் சொல்றியே. அன்னிக்கும் தெரிஞ்சுதானே செஞ்சே?"

எனக்குப் புரியவில்லை, எதை என்றேன். சம்ப்பைக் காலி பண்ணினதை என்றார். கோபமாகக் கேட்கவில்லை. ரொம்ப நாளாக வைத்திருந்து, இனிமேல் கேட்டால் ஒன்றும் இல்லை என்று கேட்கிற மாதிரி கேட்டார், லேசாகச் சிரிப்புகூட இருந்தது. நான் மார்க்கெட் போற வரைக்கும் காத்திருந்து காலி பண்ணினியே, முப்பது வருஷம் அதைத்தானே பாடம் நடத்தினே, உனக்குத் தெரியாமலா என்றார். வீடு உடைஞ்சாத்தான் நான் அங்கேருந்து அசைவேன்னு உனக்குத் தெரியும், அதான் நீ அப்படிச் செஞ்சேன்னு அன்னிக்கே புரிஞ்சுக்கிட்டேன் என்றார். உள்ளே நீ இறங்கினது மட்டும்தான் எனக்கு ஆறவே இல்லை, அவ்வளவு துணிஞ்சிருக்கியே என்றார்.

எனக்குக் காலடியில் மறுபடியும் ஏதோ நகர்ந்தது. லிஃப்ட் பட்டனை அமுக்கப் போன கையை எடுத்துவிட்டேன்.

"தெரியலைங்க," என்றேன். "சத்தியமா அந்த நிமிஷம் தோணலை. நாளைக்கு அவ வந்தா சுத்தமா இருக்கணும்னுதான் இறங்கினேன்."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. உனக்கு அந்த வீட்டில் பயமா இருக்கலையா என்று கேட்டார். பக்கத்து வீட்டு மாடியில் மூன்று நாளும் நீ நடுங்கிக்கொண்டே இருந்தாயே, பல்லெல்லாம் அடித்துக்கொண்டதே, அதைப் பார்த்துத்தானே என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

"அது குளிருங்க. மாத்துப் புடவை இல்லை," என்றேன்.

அவர் சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டார். தொட்டியைத் தோண்டி எடுத்துத் திரும்ப வைக்க இரண்டே நாள் வேலை, அன்று சாயந்தரமே வெளியே போய் மேஸ்திரியைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் வந்தேன் என்றார். வந்து உன் முகத்தைப் பார்த்தேன், மேஸ்திரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றார்.  எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம், அவர் கேட்டிருக்கலாம். இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சட்டிச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, இத்தனை வருஷம் கேட்காமல் இருந்திருக்கிறோம்.

"உனக்காகத்தாம்மா இங்க வந்தேன்," என்றார்.

"நானும் உங்களுக்காகத்தாங்க வந்தேன்," என்றேன்.